பேரனுக்கு முதல் ஜிபிஎஸ்: ஒரு சின்ன வரலாறு

பத்து வயதுப் பையனுக்குப் பிறந்தநாள் பரிசு என்ன வாங்கலாம் என்று கேட்டால் என் வயதுக்காரர்கள் சைக்கிள், கேரம் போர்டு, கதைப் புத்தகம் என்று சொல்வோம். என் மகள் வயிற்றுப் பேரன் கேட்டிருப்பது கையில் பிடிக்கிற ஜிபிஎஸ் கருவி. அவர்கள் இருப்பது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாண்ட் நகருக்குப் பக்கத்தில். ஒரு வருடமாக அவனுக்கு ‘ஜியோகேச்சிங்’ பைத்தியம். இதுவரை அப்பாவின் செல்போனை வைத்துச் சமாளித்தவனுக்கு இப்போது சொந்தமாக ஒன்று வேண்டுமாம். “எது நல்லதுன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்கப்பா, உங்களுக்குத்தான் நேரம் இருக்கு” என்று மகள் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள்.

நேரம் இருப்பது உண்மைதான். தேட உட்கார்ந்தேன். விலைப்பட்டியலை விட இந்தக் கருவிகளின் வரலாறு என்னைப் பிடித்துக்கொண்டது. படிக்கப் படிக்க இன்னொன்றும் தெரிந்தது. ஒரு குழந்தைக்கு எப்படிப்பட்ட கருவி வாங்க வேண்டும் என்பதற்கான பதிலும் அந்த வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது. அதைத்தான் இந்தப் பதிவில் எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். யாரோ ஒருவர் ஒரு டப்பாவைப் பூங்காவிலோ காட்டிலோ பாலத்தடியிலோ ஒளித்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் அந்த எண்களை வைத்துத் தேடிப் போய், டப்பாவைத் திறந்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும். உள்ளே சின்ன பொம்மை, கோலிக்குண்டு மாதிரி ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால், அதே மதிப்பில் வேறொன்றை வைக்க வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான்.

இதற்கு ஒரு கொள்ளுத்தாத்தா உண்டு. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டார்ட்மூர் என்று சதுப்பும் பாறையுமாக ஒரு பெரிய வெட்டவெளி. 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, அங்கே எளிதில் போய்ச் சேர முடியாத க்ரான்மியர் பூல் என்ற இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். இதிலிருந்து வளர்ந்த ‘லெட்டர்பாக்ஸிங்’ விளையாட்டு இன்றும் நடக்கிறது. அதற்குக் கருவி வரைபடமும் காந்த ஊசியும்தான்.

வானத்திலிருந்து வழி கேட்கும் கதை நூறு வருடம் கழித்துத் தொடங்குகிறது. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. என் வயதையொட்டியவர்கள் வீட்டில் பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசிக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இரண்டு இளம் விஞ்ஞானிகள் அதன் ‘பீப் பீப்’ ஒலியைக் கவனித்தார்கள். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் சத்தம் கீச்சென்றும், கடந்து போகும்போது தணிந்தும் கேட்கும் இல்லையா? அதே மாதிரி ஸ்புட்னிக்கின் அலைவரிசையும் மாறியது. அந்த மாற்றத்தை வைத்தே அது போகும் பாதையைக் கணக்கிட்டுவிட்டார்கள். அடுத்த வருடம் அதே ஆய்வுக்கூடத்தில் மூத்தவரான ஃப்ராங்க் மெக்ளூர் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பினார். செயற்கைக்கோள் எங்கே என்று தெரிந்தால், அதைக் கேட்டுக்கொண்டிருப்பவன் எங்கே என்றும் கண்டுபிடிக்கலாமே? நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு வழிகாட்டிய ‘ட்ரான்சிட்’ ஏற்பாடு அதிலிருந்து பிறந்தது. அதன் வாரிசுதான் ஜிபிஎஸ். அதன் முதல் செயற்கைக்கோள் 1978 பிப்ரவரியில் மேலே போனது.

ஜிபிஎஸ் வேலை செய்யும் விதம் வேறு. தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் “நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு” என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரமானது என்பதிலிருந்து தூரம் கிடைக்கும். நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். கடிகாரம் ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரக் கணக்கில் 300 மீட்டர் தப்பாகும். அவ்வளவு நுட்பமான சமாச்சாரம். நம் கையில் இருக்கும் கருவி எதையும் அனுப்புவதில்லை, கேட்க மட்டும்தான் செய்கிறது. ரேடியோப் பெட்டியில் ஆகாசவாணி கேட்பது போல.

இது ராணுவத்தின் சொத்து. பொதுமக்களுக்கு இது கிடைத்ததில் ஒரு பெரிய துயரத்துக்கும் பங்கு உண்டு. 1983 செப்டம்பர் 1 அன்று, அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து சியோல் போய்க்கொண்டிருந்த கொரியன் ஏர் லைன்ஸ் 007 விமானம் பாதை விலகி சோவியத் வான்வெளிக்குள் போய்விட்டது. விலகியது விமானிகளுக்கே தெரியவில்லை. சகலின் தீவுக்கு அருகே சோவியத் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. செப்டம்பர் 16 அன்று ரீகன் அரசு, ஜிபிஎஸ் முழுமையானதும் உலகத்தின் சிவிலியன் விமானங்களும் அதைப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் இன்னொரு விமானம் போய்விடக் கூடாது என்பதுதான் காரணம். ஒரு சிறுவன் பூங்காவில் டப்பா தேடுவதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கொடுத்தார்களே தவிர முழுசாகக் கொடுக்கவில்லை. 1990-இல் ‘செலக்டிவ் அவைலபிலிட்டி’ என்று ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலப்பது. ராணுவத்துக்குத் துல்லியம், மற்றவர்களுக்குச் சுமார் 100 மீட்டர் வரை பிசகு. வேடிக்கை என்னவென்றால், அதே வருடம் வளைகுடாப் போர் நெருக்கடி வந்தது. ராணுவத் தரக் கருவிகள் போதவில்லை. பாலைவனத்தில் இருந்த படைகளுக்குக் கடைச்சரக்குக் கருவிகளை ஆயிரக்கணக்கில் வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. தங்கள் சிப்பாய்களே தடுமாறக் கூடாதென்று அந்தப் பிழையைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள்.

கடையில் கிடைத்த முதல் கைக்கருவி 1989-இல் மெகல்லன் நிறுவனம் கொண்டுவந்த ‘நாவ் 1000’. பார்க்கச் செங்கல் மாதிரி இருக்கும். விலை சுமார் 3000 டாலர், அன்றைய கணக்கில் ஏறக்குறைய அரை லட்சம் ரூபாய். வானத்தில் அப்போது 24 செயற்கைக்கோள்களும் இல்லை. எனவே நாள் முழுதும் வேலை செய்யாது. படகு வைத்திருக்கிற பணக்காரர்களுக்கான பொருள். அதை யாரும் குழந்தை கையில் கொடுத்திருக்க மாட்டார்கள். ஜிபிஎஸ் முழுமையாக இயங்குகிறது என்று அறிவித்ததே 1995-இல்தான்.

இனி வருவது முக்கியமான தேதி. 2000 மே 1. அன்று நள்ளிரவு முதல் பிழை கலப்பதை நிறுத்துவதாக அதிபர் கிளின்டன் அறிவித்தார். உலகத்தில் இருந்த ஒவ்வொரு கருவியும், யாரும் தொடாமலே, ஒரே ராத்திரியில் பத்து மடங்கு துல்லியமாகிவிட்டது.

இதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். 100 மீட்டர் பிசகு என்றால் 100 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் தேட வேண்டும். அது ஏழே முக்கால் ஏக்கர். அதில் ஒரு டப்பாவைத் தேடுவது நடக்கிற காரியமா? பிசகு 10 மீட்டராகக் குறைந்தால் வட்டத்தின் பரப்பு 314 சதுர மீட்டர். ஒன்றரை கிரவுண்டுகூட இல்லை. பத்து வயதுப் பையன் அரை மணி நேரத்தில் அலசிவிடுவான். மே 1 காலையில் சாத்தியமில்லாத விளையாட்டு, மறுநாள் காலையில் சாத்தியமாகிவிட்டது.

டேவ் உல்மர் என்ற கணினி ஆலோசகர் இரண்டே நாளில் இதைச் சோதித்துப் பார்த்தார். மே 3 அன்று ஓரிகனில் பீவர்க்ரீக் என்ற ஊருக்கு அருகே, சாலையோர மரங்களுக்கிடையில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்து வைத்தார். உள்ளே ஒரு நோட்டு, பென்சில், புத்தகங்கள், வீடியோ, ஒரு கவண், கொஞ்சம் பணம், ஒரு டின் பீன்ஸ். இணையத்தில் ஜிபிஎஸ் ஆர்வலர்கள் கூடும் இடத்தில் எண்களைப் போட்டார். மூன்று நாளுக்குள் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். முதலில் எட்டியவர் மைக் டீக். அவரே மற்றவர்கள் ஒளித்து வைத்த டப்பாக்களுக்கும் பட்டியல் போட ஆரம்பித்தார்.

முதலில் இதற்கு ‘ஸ்டாஷ் ஹன்ட்’ என்று பெயர். ‘ஸ்டாஷ்’ என்ற சொல்லுக்குப் போதைப் பொருள் பதுக்கும் வாடை இருந்ததால், அந்த மாதக் கடைசியில் மேட் ஸ்டம் என்பவர் ‘ஜியோகேச்சிங்’ என்ற பெயரைச் சொன்னார். செப்டம்பர் 2 அன்று ஜெரமி ஐரிஷ் இதற்கென்று இணையதளம் தொடங்கியபோது பட்டியலில் இருந்தவை 75 டப்பாக்கள். இன்று உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கு மேல். முதல் வாளி இருந்த இடத்தில் இப்போது ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. பேரன் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். போன தடவை நாங்கள் அங்கே போயிருந்தபோது என்னையும் பாட்டியையும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். “இங்கதான் தாத்தா எல்லாம் ஆரம்பிச்சுது” என்று ஸ்தல புராணம் சொல்கிற குருக்கள் மாதிரி விளக்கினான்.

உல்மரின் வாளியில் இருந்த இரண்டு விஷயங்களுக்கு இன்றைய விதிகளில் இடமில்லை. ஒன்று, மண்ணில் புதைப்பது. இரண்டு, தின்பண்டம். உணவு வாசனைக்கு மிருகங்கள் வந்து டப்பாவைக் கடித்துக் குதறிவிடும். அந்த பீன்ஸ் டின் மட்டும் தப்பிப் பிழைத்து, பின்னாளில் விளையாட்டுக்காரர்கள் நடுவில் ஊர் ஊராகச் சுற்றி வந்தது.

இனி கருவிக்கு வருகிறேன். வரலாறு சொல்லும் பாடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் பாடம், எளிமை. அதே 2000-ஆம் ஆண்டு கார்மின் நிறுவனம் ‘ஈட்ரெக்ஸ்’ என்ற சின்ன மஞ்சள் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளங்கையில் அடங்கும். இரண்டு பென்சில் பேட்டரி, ஐந்தே பொத்தான், கறுப்பு வெள்ளைத் திரை, தண்ணீர் புகாத உடல். விலையும் நாவ் 1000-உடன் ஒப்பிட்டால் மிகச் சொற்பம். புது விளையாட்டும் மலிவான கருவியும் ஒரே வருடத்தில் வந்து சேர்ந்ததால், ஏராளமானோர் அந்த மஞ்சள் டப்பாவோடுதான் காட்டுக்குள் இறங்கினார்கள். ஒரு குழந்தைக்குத் தேவையானவை இன்றும் அதே அம்சங்கள்தான். கையில் அடங்க வேண்டும், விழுந்தால் உடையக் கூடாது, நனைந்தால் கெடக் கூடாது, குளிருக்குக் கையுறை போட்டபடியே அழுத்தப் பொத்தான் இருக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிப் போடும்படி இருந்தால் உத்தமம். தொடுதிரை, கலர் மேப், பாட்டு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, மரத்தடி. ஆரம்பக்காலக் கருவிகள் ஒவ்வொரு செயற்கைக்கோளாகக் கேட்டு முடிப்பதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். பிறகு ஒரே நேரத்தில் பன்னிரண்டைக் கேட்கும் கருவிகள் வந்தன. ஆனாலும் ஈரமான இலைகள் அடர்ந்த காட்டில் சிக்னல் நழுவிக்கொண்டே இருந்தது. 2005, 2006 வாக்கில் நுண்ணுணர்வு மிகுந்த சிப்புகள் வந்தபிறகுதான் அந்தச் சிரமம் குறைந்தது. 2011-இல் வந்த புதிய ஈட்ரெக்ஸ் வரிசை ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்களையும் சேர்த்துக் கேட்டது. ஓரிகன் காடுகளில் டக்ளஸ் ஃபிர் மரங்கள் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறதே என்று 2005-க்கு முந்தையதை வாங்கிவிட வேண்டாம். பெரியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். குழந்தை இரண்டு தடவை ஏமாந்தால் மூன்றாவது தடவை வரமாட்டான்.

மூன்றாவது, திசை காட்டும் முள். இது பலருக்குத் தெரியாத விஷயம். சாதாரண ஜிபிஎஸ் கருவிக்கு நாம் நிற்கும் இடம்தான் தெரியும், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது தெரியாது. நடக்கும்போது இடம் மாறுவதை வைத்துத் திசையை ஊகிக்கும். நின்றுவிட்டால் முள் மனம்போன போக்கில் சுற்றும். குழந்தைகள் நடக்கிறதைவிட நின்று திரும்பித் திரும்பிப் பார்ப்பதுதான் அதிகம். அதனால் உள்ளேயே மின்னணுத் திசைகாட்டி இருக்கிற கருவியாகப் பாருங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் அந்தப் பணம் வீண் போகாது. பேட்டரி மாற்றும்போதெல்லாம் அதைச் சரிபார்த்துக்கொள்ளவும் பையனுக்குச் சொல்லித் தர வேண்டும்.

நான்காவது, விளையாட்டுச் சாமான் வேண்டாம். 2010-ஐ ஒட்டி ‘ஜியோமேட் ஜூனியர்’ என்று குழந்தைகளுக்காகவே ஒரு கருவி வந்தது. லட்சக்கணக்கான டப்பாக்களின் இடங்களை முன்கூட்டியே நிரப்பிக் கொடுத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் டப்பாக்கள் தொலையும், புதிதாக முளைக்கும். உள்ளே நிரப்பியது நாளாக ஆகப் பழசாகும். அந்தக் கருவியும் சில வருடங்களில் சந்தையிலிருந்து மறைந்துவிட்டது. குழந்தை தன் கையால் எண்களைத் தட்டி உள்ளே போடும்படியான கருவி என்றால் எந்த நிறுவனம் இருந்தாலும் போனாலும் கவலையில்லை. அவனே வீட்டுக் கொல்லையில் ஒன்றை ஒளித்து வைத்துத் தங்கையைத் தேடவும் விடலாம்.

எண்களைத் தட்டுவதில்தான் பாடமே இருக்கிறது. உல்மரின் வாளி வடக்கு 45 பாகை 17.460 கலை, மேற்கு 122 பாகை 24.800 கலையில் இருந்தது. பாகை என்பது டிகிரி, கலை என்பது மினிட். அட்சரேகையில் ஒரு கலை 1852 மீட்டர். ஆக, புள்ளிக்குப் பிறகு வரும் மூன்றாவது இலக்கம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. 17.460 என்பதை 17 கலை 46 விகலை, அதாவது செகண்ட், என்று எடுத்துக்கொண்டால் அரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்போம். கருவியை வாங்கியதும் எண் வடிவத்தைப் பாகையும் தசமக் கலையுமாகவும், நில அளவீட்டு ஆதாரத்தை டபிள்யூஜிஎஸ் 84 என்றும் வைத்துவிட்டால் போதும். பள்ளிக்கூடத்தில் தசமம் கசக்கிற பையனுக்கு இங்கே அது இனிக்கும். ஒரு புள்ளி இடம் மாறினால் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று அவன் காலுக்குத் தெரிந்துவிடும்.

“செல்போனிலேயே ஜிபிஎஸ் இருக்கே, இது எதுக்கு தனியா?” என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்விதான். ஊருக்குள் தேட செல்போன் தாராளமாகப் போதும். காட்டுப் பாதையில் போனின் சார்ஜ் என்பது அவசரத்துக்கு வீட்டாரை அழைக்க வைத்திருக்க வேண்டிய சேமிப்பு. அதை விளையாட்டில் கரைக்கக் கூடாது. இன்னொன்று, செல்போன் குழந்தையை உள்ளே இழுக்கும். இந்தக் கருவியில் பார்ப்பதற்கு ஒரு முள்ளும் ஒரு எண்ணும் தவிர வேறொன்றும் இல்லாததால் வெளியே பார்க்கத்தான் வேண்டியிருக்கும்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கைக்கருவிகளில் சில, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பவும் செய்யும். அமெரிக்க மலைகளில் அது உயிர் காக்கும் வசதி. ஆனால் இந்தியாவுக்குள் முன் அனுமதி இல்லாமல் அதைக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகள் கைதான செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். பேரக்குழந்தைகள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அப்படிப்பட்ட கருவியை அங்கேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதி மகளுக்கு அனுப்பிவிட்டேன். கம்பெனி பெயர் எதையும் கட்டாயப்படுத்தவில்லை. கடைக்குப் பையனையும் கூட்டிப் போய், அவன் கையில் கொடுத்து, பொத்தான் அவன் விரலுக்கு எட்டுகிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

முதல் தேடலுக்குக் கூடப் போகிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. எவ்வளவு நல்ல கருவியானாலும் கடைசியில் நான்கைந்து மீட்டர் பிசகு இருக்கவே செய்யும். மரத்தடியில் பத்து மீட்டர்கூட ஆகும். முள் சுற்ற ஆரம்பித்ததும் கருவியைப் பையில் போடச் சொல்லுங்கள். நான் இதை ஒளித்திருந்தால் எங்கே வைத்திருப்பேன் என்று குழந்தை யோசிக்கட்டும். அடுக்கி வைத்த மாதிரி கிடக்கும் கற்கள், வேரடியில் அளவுக்கு மீறிய சருகு, இவையெல்லாம் அவன் கண்ணில் படட்டும். நமக்கு முன்பே தெரிந்துவிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. டார்ட்மூரில் பாட்டிலைத் தேடி நடந்தவர்களும், பீவர்க்ரீக்கில் வாளியைத் தேடிப் போனவர்களும் கடைசிச் சில அடிகளைக் கண்ணை நம்பித்தான் கடந்திருக்கிறார்கள். அந்த இடத்தைக் குழந்தைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, நாம் பக்கத்தில் ஒரு கல் பார்த்து உட்கார்ந்துகொள்ளலாம்.